குழாய் அடைப்பும் பிரஷர் ஜெட்டும்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

கட்டடப் பராமரிப்பு வேலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "மெஷின் போட்டுப் பார்த்தாச்சு, திரும்ப அடைச்சுக்கிச்சு." மெஷின் என்பது பிரஷர் ஜெட்: பிரஷர் வாஷரில் நீண்ட ஹோஸை மாட்டிக் குழாய்க்குள் விட்டு, அதன் முனையில் உள்ள நாசிலின் பின்பக்கத் துளைகள் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை எடுப்பது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மெஷினில் ஒரு குறையும் இருக்காது. ஹோஸை எந்தப் பக்கத்திலிருந்து விட்டார்கள், எவ்வளவு வேகத்தில் வெளியே இழுத்தார்கள் என்று கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். மீதிப் பாதி, டப்பாவில் எழுதியிருக்கும் பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) எண்ணை மட்டும் பார்த்து மெஷின் வாங்கியதால் வருவது. அழுத்தம் அடைப்பை இடிக்கும், அவ்வளவுதான். இடிந்ததை அடித்துக்கொண்டு போக வேண்டியது தண்ணீரின் அளவு.

ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, ஆளைக் கூப்பிட வேண்டிய காரணம் வரை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

## மெஷினைத் தொடும் முன்

குழாயில் யாராவது ஆசிட்டோ காஸ்டிக் தூளோ ஊற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். ஊற்றியிருந்தால் அன்றைக்கு ஜெட் வேண்டாம். பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் அதையும் சேர்த்து உங்கள் முகத்தில் கொண்டுவந்து கொட்டும். பிளம்பரைக் கூப்பிட்டு, எதை ஊற்றினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ். கழிவுநீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம். எலிக் காய்ச்சல் சின்னக் கீறல் வழியாகக்கூட உள்ளே போகும். மெஷினை 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் துண்டிப்பான் உள்ள பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். பெட்ரோல் எஞ்சின் என்றால் அது வெட்டவெளியில்தான் ஓட வேண்டும், வராந்தாவில்கூட வேண்டாம்.

நாசிலிலிருந்து மூன்று அடி தள்ளி ஹோஸில் பளிச்சென்ற டேப் ஒன்றைச் சுற்றி வையுங்கள். இழுத்துக்கொண்டு வரும்போது அந்த டேப் தெரிந்தால் உடனே தண்ணீரை நிறுத்த வேண்டும். போகும்போதும், நாசில் இரண்டடி உள்ளே போன பிறகுதான் தண்ணீர். வெளியே வந்த நாசில் பாம்பு மாதிரி துள்ளும். அந்த வேகத்தில் தண்ணீர் தோலைத் துளைத்தால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் இருக்காது. உள்ளே தசை கெட்டுக்கொண்டிருக்கும். புள்ளிதானே என்று விடாமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய், "உயர் அழுத்தத் தண்ணீர் துளைத்தது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

சேம்பருக்குள் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும், மூடி போட்ட தொட்டி) இறங்குவது கிடையாது. ஐந்து நிமிடத்துக்கும் கிடையாது, விழுந்த நாசிலை எடுக்கவும் கிடையாது. அங்கே தேங்கும் வாயு ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

## அறிகுறி 1: ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது

ஜெட் வேண்டாம். வாஷ்பேசின், சிங்க் என்றால் அடியில் உள்ள ட்ராப்பை (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) கழற்றிக் கழுவுங்கள், வாளியைக் கீழே வைத்துவிட்டு. குளியலறை என்றால் ஜல்லடை மூடியைத் தூக்கி முடியை எடுங்கள். அதன் பிறகு ரப்பர் கப் பம்ப் போட்டு அழுத்துவது, அதற்கும் அசையாவிட்டால் கையால் சுற்றி உள்ளே விடும் கைச்சுருள் ஸ்பிரிங். இந்த மூன்றிலும் சரியாகாதது குறைவு.

கழிப்பறைக் கோப்பை வழியாக மட்டும் ஜெட் ஹோஸை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை நான் விட்டேன். உள்வளைவில் நாசில் திரும்பி, போன வழியே என்னைப் பார்க்க வந்துவிட்டது. அன்றைய சட்டையைத் தூக்கிப் போட்டதுடன் போயிற்று, கண்ணில் பட்டிருந்தால் கதையே வேறு. கோப்பையின் பளபளப்பும் உலோக நாசில் உரசிக் கெடும். கோப்பைக்கென்று ரப்பர் உறை போட்ட ஸ்பிரிங் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி 2: பல இடங்களில் ஒரே நேரத்தில் தேங்குகிறது

ஃப்ளஷ் செய்தால் குளியலறை ஜல்லடையில் குமிழி வருகிறது, அல்லது இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் தண்ணீர் மேலே ஏறுகிறது. இது மெயின் லைன் அடைப்பு. முதலில் வீட்டில் எல்லோரையும் தண்ணீர் விடாமல் இருக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்து வேலை நடுவில் குளித்தவர்கள் பல பேர்.

அப்புறம் சேம்பர் மூடிகளை வரிசையாகத் திறந்து பாருங்கள்.

### ஒன்று நிரம்பியிருக்கிறது, அடுத்தது காய்ந்திருக்கிறது

அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில். பலரும் நிரம்பிய சேம்பரில்தான் ஹோஸை விடுகிறார்கள், கோளாறு கண்ணுக்குத் தெரிவது அங்கேதான் என்பதால். செய்ய வேண்டியது நேர்மாறு. காய்ந்த சேம்பரில் நின்றுகொண்டு, ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி விடுங்கள். நாசிலின் துளைகள் பின்பக்கம் பீய்ச்சுவதால் அந்த உந்துதலிலேயே ஹோஸ் முன்னே ஏறும். இடிந்த அழுக்கு உங்கள் பக்கம் வழிந்து வரும், வடிவதற்கு இடமும் இருக்கும். நிரம்பிய பக்கத்திலிருந்து விட்டால் தேங்கிய தண்ணீருக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது போல்தான், போதாததற்கு மெஷின் விடும் தண்ணீரும் அதோடு சேர்ந்து ஏறும்.

இரண்டு எச்சரிக்கை. அடைப்பு உடைந்ததும் மேலே தேங்கிய மொத்தமும் ஒரே மூச்சில் வரும், அதனால் வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அதே சேம்பரின் வெளியேறும் வாயில் ஒரு கம்பி ஜல்லடையைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் இங்கே எடுத்த துணி அடுத்த லைனில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

### எல்லாமே காய்ந்திருக்கிறது

அடைப்பு கட்டடத்துக்குள், முதல் சேம்பருக்கு முன்னால். அந்தச் சேம்பரிலிருந்து மேல்நோக்கி ஹோஸ் விடலாம். செங்குத்துக் குழாயின் கீழ் வளைவில் கதவு வைத்த பெண்ட் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது முதல் திருகைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பொறுத்திருங்கள், மேலே எத்தனை மாடித் தண்ணீர் நிற்கிறது என்று தெரியாது.

### எல்லாமே நிரம்பியிருக்கிறது

அடைப்பு பொதுக் குழாயில் இருக்கலாம், அல்லது செப்டிக் டேங்க் நிறைந்திருக்கலாம். உங்கள் மெஷினுக்கு இங்கே வேலை இல்லை. உள்ளாட்சிக்கோ டேங்க் உறிஞ்சும் வண்டிக்கோ சொல்லுங்கள்.

## அறிகுறி 3: ஹோஸ் உள்ளே போக மறுக்கிறது

தண்ணீர் இல்லாமல் தள்ளிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கேலி செய்யவில்லை, நிறையப் பேர் கையால் தள்ளியே களைத்துப் போகிறார்கள். இரண்டடி உள்ளே விட்டுத் தண்ணீரைத் திறந்தால் அதுவே இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

திறந்தும் இழுக்கவில்லை என்றால் நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு துளை அடைத்திருந்தாலே ஹோஸ் ஒரு பக்கமாகச் சாயும். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, நாசில் இல்லாமல் ஹோஸில் ஒரு நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு மறுபடி மாட்டுங்கள். முன்பக்கத் துளையுள்ள நாசில் என்றால் அது பின்னால் வரும் உந்துதலைக் கொஞ்சம் தின்றுவிடும். பின்துளை மட்டும் உள்ளதை மாட்டிப் பாருங்கள்.

வளைவில் நிற்கிறது என்றால்: தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, அரை அடி பின்னே இழுத்து, ஹோஸை லேசாகத் திருகி, மறுபடி விடுங்கள். திருகுவது எப்போதும் வலஞ்சுழியாக மட்டும். எதிர்ப்பக்கம் திருகினால் உள்ளே நாசில் கழன்றுகொள்ளும். ஒன்றரை, இரண்டு அங்குலக் குழாயில் கால் அங்குல ஹோஸ் வளைவைத் தாண்டத் திணறும். அதற்கு அரைக்கால் (1/8) அங்குல ஹோஸும் குட்டையான நாசிலும் வேண்டும்.

போன ஹோஸ் திரும்பி வருகிறது என்றால்: குழாய் அகலம், நாசில் குட்டை. நான்கு, ஆறு அங்குலக் குழாயில் சின்ன நாசில் உள்ளேயே குட்டிக்கரணம் போடும். நாசிலுக்குப் பின்னால், அந்த அழுத்தத்தைத் தாங்கக்கூடிய வளையாத குழல் துண்டு ஒன்றை மாட்டுங்கள். நாசிலும் துண்டும் சேர்ந்து குழாயின் விட்டத்தைவிட நீளமாக இருந்தால் திரும்ப முடியாது.

எத்தனை முறை விட்டாலும் அதே தூரத்தில் "டக்" என்று நிற்கிறது என்றால்: கெட்டிப் பொருள். விழுந்த பிரஷ், இறுகிய சிமெண்ட், இடிந்து உள்வாங்கிய குழாய். இருபது நிமிடத்துக்கு மேல் முட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வெளியே இருக்கும் ஹோஸில் அடையாளம் வைத்து நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேமரா வைத்திருப்பவர் வரும்போது அந்த ஒரு எண் அவருடைய நேரத்தையும் உங்கள் காசையும் மிச்சப்படுத்தும்.

## அறிகுறி 4: ஹோஸ் போகிறது, ஆனால் தண்ணீர் இறங்கவில்லை

நாசில் அடைப்பில் ஒரு பொந்து போட்டு அந்தப் பக்கம் போய்விட்டது, அடைப்பு அப்படியே இருக்கிறது. ஒரே இடத்தில் மூன்றடி தூரத்துக்கு முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுங்கள்.

திரும்பி வருவதைக் கவனித்தால் என்ன அடைப்பு என்று அதுவே சொல்லும். சாம்பல் நிறக் கட்டி என்றால் எண்ணெய்ப் பசை. பொறுமையாகப் பல முறை ஓட்டினால் வந்துவிடும், சுழலும் நாசில் இருந்தால் இன்னும் சுலபம். கொதிக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது, சாதாரண பிரஷர் வாஷரின் பம்பு பெரும்பாலும் அதற்கும் கீழேயே மூச்சை விட்டுவிடும்.

நாரும் துணியும் நாசிலில் சுற்றிக்கொண்டு வந்தால் ஈரத்துடைப்பான், நாப்கின் வகை. தண்ணீர் இவற்றை வெட்டாது, நகர்த்தி நகர்த்தி இறுக்கத்தான் செய்யும். ஜெட்டை நிறுத்திவிட்டு, கொக்கி முனை மாட்டிய கம்பியோ ஸ்பிரிங்கோ விட்டு இழுத்தெடுங்கள். மிச்சத்தை ஜெட்டால் கழுவலாம்.

மணல் என்றால் குழாயின் அடியில் படுத்துக்கிடக்கும். அதைக் கிளப்பலாம், ஆனால் தூக்கிப்போகத் தண்ணீர் வேண்டும். இதற்கு அடுத்ததைப் படியுங்கள்.

## அறிகுறி 5: அன்று சரியானது, சில வாரத்தில் திரும்ப அடைக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார்.

### வேகமாக இழுத்தது

முன்னே போகும்போது நாசில் வழிதான் போடுகிறது. சுத்தம் செய்வது திரும்பி வரும்போது. தண்ணீர் ஓடத் தொடங்கிய சந்தோஷத்தில் ஹோஸைச் சரசரவென்று இழுத்துவிடுகிறோம், சுவரில் ஒட்டிய பசை அப்படியே நிற்கிறது. ஒரு அடிக்கு ஐந்து விநாடி என்று மனதுக்குள் எண்ணுங்கள். 10 மீட்டர் வெளியே வரக் கிட்டத்தட்ட மூன்று நிமிடமாவது ஆக வேண்டும். திரும்பி வரும் தண்ணீர் தெளியும் வரை இதையே மறுபடி செய்யுங்கள். மூன்று முறைக்குக் குறைந்து எனக்கு ஒரு லைனும் தெளிந்ததில்லை.

### தண்ணீர் போதவில்லை

நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 7 லிட்டர் தரும் வீட்டு மெஷின் 10 மீட்டர் லைனின் கொள்ளளவை ஈடுகட்டவே பதினொரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அது இடித்ததெல்லாம் அங்கேயே படியும். மெஷினை மாற்றாமலே இதற்கு வழி உண்டு: ஜெட் ஓடும்போது மேலேயிருந்து இன்னொருவர் ஃப்ளஷ் டேங்கைத் திறக்கட்டும், இரண்டு மூன்று வாளித் தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்க்கட்டும். ஜெட் கிளப்பியதை வாளி அடித்துக்கொண்டு போகும். சொல்லக் கேட்டால் அற்பமாகத் தோன்றும், ஆனால் புதிய நாசில் வாங்குவதைவிட இது அதிகம் உதவியிருக்கிறது.

### வேர்

நாசிலில் தலைமுடி மாதிரி மெல்லிய பழுப்பு நார் சுற்றி வருகிறது, பக்கத்தில் மரமும் நிற்கிறது. வேர் ஏதோ ஒரு இணைப்பின் இடுக்கு வழியாகப் புகுந்திருக்கிறது. ஜெட் அதைக் கத்தரித்துவிடும். சில மாதத்தில் மறுபடி வளரும். இணைப்பைச் சரிசெய்யும் வரை இது ஓயாது.

### குழாய் தொய்ந்திருக்கிறது

எப்போதும் ஒரே தூரத்தில் அடைக்கிறது, வருவதும் வெறும் சேறு. மண் இறங்கிக் குழாய் அந்த இடத்தில் பள்ளமாகியிருக்கும். கேமரா விட்டால் தண்ணீர் தேங்கி நிற்பது தெரியும். எந்த ஜெட்டாலும் பள்ளத்தை நிமிர்த்த முடியாது, தோண்டித்தான் ஆக வேண்டும். மூன்றாவது முறை அதே அளவில் அடைத்தால் கேமராவுக்குச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 6: மெஷின் ஓடுகிறது, அழுத்தம் இல்லை

ஜெட் ஹோஸைக் கழற்றிவிட்டு, மெஷினோடு வந்த கன்னை (கையில் பிடித்துப் பீய்ச்சும் துப்பாக்கி) மாட்டிப் பாருங்கள். இந்த ஒரு சோதனை கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிடும்.

### கன்னில் சரி, ஜெட் ஹோஸில் இல்லை

நாசில் துளை மெஷினுக்குப் பொருந்தவில்லை. பெரிதாக இருந்தால் அழுத்தம் விழும், சிறிதாக இருந்தால் அழுத்தம் எகிறி அன்லோடர் வால்வு (அழுத்தம் மிஞ்சும்போது தண்ணீரைத் திருப்பிவிடுவது) திறந்து திறந்து மூடும். நாசில் அளவு என்பது 4000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை அமெரிக்க கேலன் போகும் என்ற கணக்கு. 130 பார், 7 லிட்டர் மெஷினுக்கு 2.5 அல்லது 3. 200 பார், 15 லிட்டர் மெஷினுக்கு 4.5. ஜெட் நாசிலில் எல்லாத் துளைகளையும் சேர்த்த அளவுதான் இது. ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

நாசில் சரி என்றால் ஹோஸ் நீளம். கால் அங்குல ஹோஸில் 30 மீட்டர் தூரம் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டினால் சுமார் 30 பார் வழியிலேயே தொலையும். தேவைக்கு மேல் நீளம் மாட்டாதீர்கள்.

### கன்னிலும் இல்லை

பத்தில் எட்டு முறை தண்ணீர் வரத்துதான். வரத்துக் குழாயை மெஷினிலிருந்து கழற்றி 10 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 7 லிட்டர் மெஷினுக்கு அது ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும், 15 லிட்டர் மெஷினுக்கு அரை நிமிடத்துக்குள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எடுப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்: 3 மீட்டர் உயரம் 0.3 பார்தான் தரும். குறுகிய குழாயை மாற்றி முக்கால் அங்குலமாகப் போடுங்கள். தானே உறிஞ்சும் வகை மெஷின் என்றால் ட்ரம்மிலிருந்து எடுக்கலாம்.

வரத்து சரி என்றால் நுழைவாயில் ஜல்லடையை உருவிக் கழுவுங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி வைத்துக் கன்னை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் அன்லோடர் அல்லது பம்பின் வால்வு. பம்பின் அடியில் சொட்டுகிறது, ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது என்றால் சீல் போய்விட்டது. இதற்கு மேல் சர்வீஸ்காரர் வேலை.

### விட்டு விட்டு அடிக்கிறது

காற்று, அல்லது அடைத்த நாசில். மேலே சொன்ன இரண்டையும் பாருங்கள்.

### மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

கன்னை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் எடுத்துவிடுங்கள்; வேண்டியே ஆக வேண்டும் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், சுருளை முழுவதும் பிரித்துப் போட்டு.

தானாக நிற்காத மெஷின் என்றால், கன்னை மூடி வைத்துவிட்டு ஓடவிட்டபடி பேசிக்கொண்டு நிற்காதீர்கள். அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிச் சூடாகும். இரண்டு நிமிடம்தான் கணக்கு.

## அறிகுறி 7: இந்த மெஷின் போதவில்லையோ?

மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்தும் லைன் தெளியவில்லை என்றால் அளவைப் பாருங்கள். இரண்டு அங்குலம் வரை, தூரம் 10, 15 மீட்டருக்குள் என்றால் வீட்டு மின்சார மெஷினும் ஜெட் ஹோஸும் போதும். நான்கு அங்குலத்தில் அது புது அடைப்பை எடுக்கும், பழைய பசையையும் மணலையும் எடுக்காது. அதற்கு 200 பார், நிமிடத்துக்கு 15 லிட்டர் பக்கம் வரும் பெட்ரோல் மெஷின் வேண்டும். ஆறு அங்குலமும் அதற்கு மேலும் வண்டியில் வரும் ஜெட்டருக்கு உரியது.

வாங்கும்போது இரண்டு மெஷினுக்கு நடுவில் தடுமாறினால், அழுத்தம் குறைந்து லிட்டர் அதிகமாக உள்ளதை எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் தேவைக்குப் பெரிய மெஷின் வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே மேல்.

## அறிகுறி 8: ஹோஸ் உள்ளே மாட்டிக்கொண்டது

தண்ணீரை நிறுத்துங்கள். ஓடும்போது பின்துளைகள் முன்னேதான் தள்ளும், நீங்கள் இழுப்பது அதற்கு எதிராக. நிறுத்தி இழுத்தும் வரவில்லையா, ஐந்து விநாடி திறந்து மூடுங்கள், உடனே இழுங்கள். ஹோஸின் பின்னால் படிந்த குப்பை இப்படித்தான் கழுவிப்போகும். அதுவும் இல்லை என்றால் ஓரடி முன்னே தள்ளி, வலஞ்சுழியாகத் திருகி, பிறகு இழுங்கள். மேலேயிருந்து வாளித் தண்ணீர் கவிழ்ப்பதும் உதவும்.

வண்டியில் கட்டி இழுக்க வேண்டாம். ஹோஸின் முனை பிடுங்கிக்கொண்டு வரும், நாசில் உள்ளேயே தங்கும், பிறகு தரையை உடைக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் வரவில்லை என்றால் அளவைக் குறித்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 9: மண், கல், குழாய்ச் சில்லு திரும்பி வருகிறது; சுவரிலோ தரையிலோ ஈரம் தெரிகிறது

உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒருமுறை என்றுகூட வேண்டாம். லைனில் போன மணல் ஒருமுறை வந்து தீர்ந்துவிடும். தீராமல் வந்துகொண்டே இருப்பது வெளிமண், அதாவது குழாய் உடைந்திருக்கிறது. நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் குழாயைச் சுற்றியுள்ள மண் கரைந்து மேலே தரை தொங்கலாகிறது. பழைய மண்குழாய், துருவேறிய இரும்புக்குழாய், கல்நார் சிமெண்ட் குழாய் உள்ள கட்டடத்தில் இதை எதிர்பார்த்தே குறைந்த அழுத்தத்தில் தொடங்க வேண்டும், நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது. ஹோஸை எடுத்துவிட்டு, ஈரம் தெரிந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, தேதி போட்டு வையுங்கள். பிளம்பர் வரும் வரை அந்த லைனில் தண்ணீர் விட வேண்டாம்.